ஏழு கிராம் பிளீச்சிங் பவுடர்: 1% கரைசல் அட்டவணையில் கணக்கு எங்கே சறுக்கியது?

2020-இல் ஊரடங்கு தொடங்கிய கையோடு மத்திய சுகாதார அமைச்சகம், பொது இடங்களையும் அலுவலகங்களையும் கிருமிநீக்கம் செய்வதற்கு ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. அதன் கடைசியில் ஒரு சின்ன அட்டவணை இருந்தது: 1% சோடியம் ஹைப்போகுளோரைட் (பிளீச் திரவத்தில் கிருமியைக் கொல்லும் பொருள்) கரைசல் தயாரிப்பது எப்படி. ஆறு பொருட்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதில் கிடைக்கக்கூடிய குளோரின் (கிருமியைக் கொல்லப் பயன்படும் குளோரினின் அளவு) எத்தனை சதவீதம், அதை எவ்வளவு தண்ணீரில் கலக்க வேண்டும் என்ற அளவு. ஏழாவதாக, மற்றவற்றுக்குத் தயாரிப்பாளர் சொன்னபடி செய்யுங்கள் என்று ஒரு வரி.

வழிகாட்டுதலை முழுக்கப் படித்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். அட்டவணை மட்டும் தனியாகக் கழன்று ஊர் சுற்றியது. மருத்துவமனைச் சுவரிலும் கல்லூரி ஆய்வகத்திலும் வாட்ஸாப் குழுக்களிலும் அதே ஆறு வரிகள். பார்த்ததும் யாருக்கும் சந்தேகம் வராது. அரசு முத்திரை, நேர்த்தியான கட்டங்கள், முழு எண்கள்.

ஆனால் கால்குலேட்டரை எடுத்து ஒவ்வொரு வரியாகப் போட்டுப் பார்த்தால் மூன்று வரிகள்தான் ஒழுங்காக 1% தருகின்றன. ஒரு வரி பாதிதான் தருகிறது. ஒன்று இரண்டு மடங்கு தருகிறது. மிச்சமுள்ள ஒன்று, நீங்கள் கையில் வைத்திருக்கும் குளோரின் மாத்திரை எது என்பதைப் பொறுத்தது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய வேதியியல் வேண்டாம், பிளஸ் டூ செய்முறை வகுப்பின் நீர்த்தல் கணக்கே போதும். அதனால்தான் இந்த அட்டவணையைப் பாடமாக எடுத்துக்கொண்டேன்.

திரவங்கள்: சரியான இரண்டு வரிகள்

முதல் வரி, 3.5% வீட்டு உபயோக பிளீச்: 1 பங்கு பிளீச்சுக்கு 2.5 பங்கு தண்ணீர். இரண்டாவது, 5% ஹைப்போகுளோரைட் திரவம்: 1 பங்குக்கு 4 பங்கு தண்ணீர்.

பியூரெட் (ஆய்வகத்தில் திரவத்தை அளந்து விடும் கண்ணாடிக் குழாய்) பிடித்த எல்லோருக்கும் வி1 என்1 = வி2 என்2 நினைவிருக்கும்: நீர்ப்பதற்கு முன்னும் பின்னும் கன அளவையும் வலிமையையும் பெருக்கினால் ஒரே எண் வரும். நார்மாலிட்டி (கரைசலின் வலிமையைச் சொல்லும் ஓர் அளவு) இருந்த இடத்தில் சதவீதத்தைப் போட்டாலும் கணக்கு மாறாது. நமக்கு வேண்டியது 1 லிட்டர், அதாவது 1000 மி.லி., 1% கரைசல். கேனில் இருப்பது 5%. அப்படியானால் எடுக்க வேண்டியது 1000 × 1 ÷ 5 = 200 மி.லி. மீதி 800 மி.லி. தண்ணீர். 200-க்கு 800, அதாவது ஒன்றுக்கு நான்கு. சரி. 3.5%-க்கு 1000 ÷ 3.5 = 286 மி.லி. பிளீச், 714 மி.லி. தண்ணீர். ஒன்றுக்கு இரண்டரை. இதுவும் சரி.

மனக்கணக்காகவே போட ஒரு சுருக்கு வழி: கேனின் சதவீதத்தை வேண்டிய சதவீதத்தால் வகுத்து, வருவதில் ஒன்றைக் கழித்தால் தண்ணீரின் பங்கு கிடைக்கும். 10% கேன் என்றால் 10 ÷ 1 = 10, ஒன்றைக் கழித்தால் 9 பங்கு தண்ணீர்.

அந்த ஒன்றைக் கழிப்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். "1:4" என்று எழுதினால் ஒருவர் ஒன்றும் நான்கும் சேர்ந்து ஐந்து என்று படிப்பார், இன்னொருவர் மொத்தம் நான்கு, அதில் ஒன்று பிளீச் என்று படிப்பார். இரண்டாமவர் தயாரிப்பது 1.25%. நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் 1:10 என்றால் ஒன்றோடு ஒன்பது சேர்ப்பது வழக்கம். மருந்துக் கலவை எழுதுகிறவர் அதே குறியீட்டுக்கு வேறு பொருள் கொள்ளக்கூடும். அமைச்சக அட்டவணை "1 பங்கு பிளீச், 4 பங்கு தண்ணீர்" என்று விரித்து எழுதியது நல்ல காரியம். அதைச் சுவரொட்டியாக மாற்றும்போது "1:4" என்று சுருக்கியவர்கள்தான் குழப்பத்தைத் திரும்ப உள்ளே விட்டார்கள். ஆய்வகப் புட்டியில் ஒட்டுவதாக இருந்தால் 1+4 என்று கூட்டல் குறி போட்டு எழுதுவது நல்லது, இரண்டு விதமாகப் படிக்க இடமே இருக்காது.

தூள்கள்: ஏழு கிராம் எங்கிருந்து வந்தது?

தூளுக்கு வரும்போது கணக்கின் முகம் கொஞ்சம் மாறுகிறது. 1% என்பது 100 மி.லி.-க்கு 1 கிராம், லிட்டருக்கு 10 கிராம், பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) கணக்கில் 10,000. ஆக, எந்தத் தூளாக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான்: 10 கிராம் குளோரின் கிடைக்க எத்தனை கிராம் தூள் வேண்டும்?

மூன்றாவது வரி, தண்ணீரில் கரைந்து குளோரின் தரும் சோடியம் டைகுளோரோஐசோசயனுரேட் தூள், 60%: லிட்டருக்கு 17 கிராம். 17 × 0.6 = 10.2 கிராம். சரியாக வருகிறது.

ஆறாவது வரி, பிளீச்சிங் பவுடர், 70%: லிட்டருக்கு 7 கிராம். 7 × 0.7 = 4.9 கிராம். அதாவது 0.49%. தலைப்பில் 1% என்று போட்டுவிட்டு, கீழே பாதிக்கும் கொஞ்சம் குறைவான கரைசலுக்கு அளவு கொடுத்திருக்கிறார்கள். 1% வேண்டும் என்றால் 10 ÷ 0.7, அதாவது 14.3 கிராம் போட வேண்டும்.

இந்த 7 எங்கிருந்து வந்திருக்கும்? உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வக உயிரிப் பாதுகாப்புக் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் (2004) குளோரின் தரும் பொருட்களுக்கு ஒரு அட்டவணை உண்டு. அதில் இரண்டு நெடுவரிசைகள். சுத்தமான நிலைமைக்கு லிட்டருக்கு 1 கிராம் குளோரின், இரத்தம், அழுக்கு கலந்த நிலைமைக்கு லிட்டருக்கு 5 கிராம். இரண்டாவது நெடுவரிசையில் 70% கால்சியம் ஹைப்போகுளோரைட்டுக்கு 7 கிராம், 60% டைகுளோரோஐசோசயனுரேட் தூளுக்கு 8.5 கிராம் என்று இருக்கிறது. 8.5-ஐ இரண்டால் பெருக்கினால் நம் அட்டவணையின் 17. ஏழை இரண்டால் பெருக்கினால் 14 வந்திருக்க வேண்டும்.

0.5% அட்டவணை ஒன்றை 1%-க்கு மாற்றும்போது இந்த ஒரு வரியை மட்டும் இரட்டிப்பாக்க மறந்திருக்கிறார்கள் என்பது என் ஊகம். வேறு வழியாகவும் நேர்ந்திருக்கலாம். எப்படியானாலும் 7, 70 என்ற எண்கள் கண்ணுக்கு ஜோடியாகத் தெரிகின்றன, "70%-க்கு 7 கிராம்" என்று படிக்கும்போது ஏதோ பொருந்துகிற மாதிரியே இருக்கிறது. சரிபார்ப்பவர் கண்ணில் இது தப்பியதற்கு அந்தப் பொருத்தமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மூட்டையில் இருப்பது 70% அல்ல

பாதி கரைசல் என்பது காகிதத்தில் உள்ள பிழை. கடையில் போய் வாங்கும்போது இன்னொரு பிழை அதன் மேல் ஏறிக்கொள்கிறது, பெரிய பிழை அதுதான்.

70% குளோரின் உள்ள தூள் என்பது கால்சியம் ஹைப்போகுளோரைட். நீச்சல்குளத்துக்கும் குடிநீர்த் தொட்டிக்கும் போடுவார்களே, அது. நம் ஊரில் நகராட்சி லாரியில் மூட்டை மூட்டையாக வந்து, மழைக்காலத்தில் தெரு ஓரம் தூவும் பிளீச்சிங் பவுடர் வேறு சரக்கு. நீற்றுச் சுண்ணாம்பின் மேல் குளோரினைச் செலுத்திச் செய்வது. புதிய மூட்டையிலேயே அதில் கிடைக்கக்கூடிய குளோரின் 30 முதல் 35% வரைதான் இருக்கும். காற்றின் ஈரமும் கார்பன் டைஆக்சைடும் பட்டால் அதுவும் குறைந்துகொண்டே வரும். வாய் திறந்து கிடந்து, தூள் கட்டிகட்டியாகி, மூக்கைத் துளைக்கிற நெடி போய்விட்ட மூட்டையில் சுண்ணாம்பு தவிர அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

33% என்று வைத்துக்கொண்டு அட்டவணைப்படி 7 கிராம் போட்டால்: 7 × 0.33 = 2.3 கிராம். கரைசல் 0.23%. வேண்டியதில் கால் பங்குகூட இல்லை. இந்தத் தூளில் 1% செய்ய லிட்டருக்கு 30 கிராம் வேண்டும். போட்டால் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு தங்கும். தெளியவிட்டு மேலே உள்ளதை இறுத்துத்தான் பயன்படுத்த வேண்டும்.

கவனியுங்கள், இந்த இரண்டாவது பிழையில் கணக்கு தப்பவே இல்லை. சூத்திரம் சரி, பெருக்கல் சரி. தொடக்க வலிமை என்று உள்ளே போட்ட எண்தான் வேறு பொருளுடையது. நீர்த்தல் கணக்கில் வரும் நான்கு எண்களில் மூன்றை நாமே முடிவு செய்கிறோம், இல்லாவிட்டால் அளந்துகொள்கிறோம். நான்காவது, அதாவது மூலக் கரைசலின் அல்லது தூளின் வலிமை, யாரோ எழுதிய லேபிளிலிருந்து வருகிறது. ஆய்வகத்தில் நான் பார்த்த வரை நீர்த்தல் தப்புகிற இடம் பெரும்பாலும் அதுதான்.

மற்ற இரண்டு வரிகள்

குளோரின் தரும் இன்னொரு பொருளான குளோரமின் தூள், 25%: லிட்டருக்கு 80 கிராம். 80 × 0.25 = 20 கிராம், அதாவது 2%. கணக்குப்படி 40 கிராம் போதும். ஆனால் இதை வெறும் பிழை என்று தள்ளிவிடவும் தயக்கமாக இருக்கிறது. குளோரமின் குளோரினை மெதுவாக விடும், அதனால் ஹைப்போகுளோரைட்டுக்கு இணையான பலன் வேண்டுமானால் கூடுதல் வலிமையில் எடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனக் கையேடே சொல்கிறது. தெரிந்தே இரட்டிப்பாக்கினார்கள் என்றால் அதற்குக் காரணத்தை அடியில் ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதாததால், படிப்பவருக்கு இது பிழையா நோக்கமா என்று பிரித்தறிய வழியில்லை. (1% சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற தலைப்பின் கீழ் குளோரமினை வைத்ததே கொஞ்சம் விசித்திரம். அதைக் கரைத்தால் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் கிடைக்காது. டைகுளோரோஐசோசயனுரேட்டுக்கும் இதே கதைதான்.)

டைகுளோரோஐசோசயனுரேட் மாத்திரை வரிதான் சுவாரசியம். "1.5 கிராம் மாத்திரை, 60%: லிட்டருக்கு 11". மாத்திரையின் எடை 1.5 கிராம் என்று எடுத்தால் ஒன்றில் 0.9 கிராம் குளோரின், பதினொன்றில் 9.9. கச்சிதமாக 1%. ஆனால் சந்தையில் 1.5 கிராம் என்பது பல சமயம் மாத்திரையின் எடையைக் குறிப்பதில்லை, அது விடும் குளோரினின் அளவைக் குறிக்கிறது. உலக சுகாதார நிறுவன அட்டவணையும் அப்படித்தான் எழுதுகிறது. அந்த மாத்திரையில் பதினொன்று போட்டால் 16.5 கிராம், 1.65%. ஏழு மாத்திரை போதும்.

இதனால் யாருக்கு என்ன ஆயிற்று?

நியாயமாகப் பேசினால், மேசை துடைக்கிறவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கொரோனாவுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதம் சொன்ன வலிமை சாதாரணப் பரப்புகளுக்கு 0.1%, இரத்தம் அதிகமாகச் சிந்திய இடத்துக்கு 0.5%. 0.49% கரைசல் கைப்பிடிச் சுவரைச் சுத்தம் செய்யத் தாராளம். 0.23%-கூடப் போதும். 1% என்ற இலக்கே பரப்புகளுக்கு அதிகம் என்றுதான் நான் சொல்வேன். மூக்கு எரிச்சலும் துருவும் கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதான்.

அந்த மாதங்களில் எதிர்ப்பக்கப் பிழைதான் கண்ணில் பட்டது. 2020 மார்ச் கடைசியில் உத்தரப் பிரதேசத்தின் பரேலியில், ஊர் திரும்பிய தொழிலாளர்களைச் சாலையில் உட்காரவைத்து ஹைப்போகுளோரைட் கலந்த தண்ணீரை அடித்தார்கள். திருப்பூர் தென்னம்பாளையம் சந்தை வாசலில் ஆட்கள் நடந்துபோக மருந்து தெளிக்கும் சுரங்கம் வைத்தார்கள், மற்ற ஊர்களும் அதைப் பார்த்துச் செய்தன. ஏப்ரல் 18-ஆம் தேதி அமைச்சகமே, மனிதர்கள் மேல் தெளிக்கக் கூடாது என்று அறிவுறுத்தல் வெளியிட வேண்டியதாயிற்று. ஆள் மேல் அடிப்பதற்குச் சரியான நீர்த்தல் என்று ஒன்று கிடையாது.

பாதிப்பு வரக்கூடிய இடம் மருத்துவ ஆய்வகத்தின் கழிவு ஜாடி. இரத்த மாதிரிகளையும் பிப்பெட் (திரவத்தை உறிஞ்சி அளக்கும் குழாய்) நுனிகளையும் போட்டு ஊறவைக்கிறோமே, அது. அங்கே 1% வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. இரத்தத்தில் உள்ள புரதம் குளோரினைத் தின்றுவிடும். அதோடு, ஜாடியில் விழும் ஒவ்வொரு மாதிரியும் கரைசலை மேலும் நீர்க்கச் செய்கிறது. காலையில் அரை லிட்டர் கரைசல் ஊற்றி வைத்து, மாலைக்குள் அரை லிட்டர் திரவக் கழிவு சேர்ந்தால் வலிமை நேர்பாதி. இந்த இரண்டாவது நீர்த்தலை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. 0.23%-இல் தொடங்கிய ஜாடி மாலையில் 0.11%-இல் நிற்கும், அதில் புரதம் தின்றதைக் கழிக்கவேண்டும். பொறுப்பாளரின் பதிவேட்டில் மட்டும் 1% என்றே இருக்கும்.

லேபிளை எப்படிச் சோதிப்பது?

திரவக் கேனும் நாள்பட்டால் ஏமாற்றும். ஹைப்போகுளோரைட் வெளிச்சத்திலும் சூட்டிலும் சிதையும். அடர்த்தி கூடக் கூடச் சிதைவு வேகமும் கூடும். ஏறக்குறைய செறிவின் இருமடிக்கு ஏற்ற வேகம். அதனால் 10% கேனைச் சித்திரை வெயிலில் மொட்டை மாடிக் கொட்டகையில் வைத்தால், 5% கேனைவிடச் சீக்கிரம் வலிமை இழக்கும். தேதி பார்க்காமல் லேபிள் எண்ணை மட்டும் சூத்திரத்தில் போடுகிறவர் போன கோடையின் வலிமையைக் கணக்கிடுகிறார்.

சோதனை எளிது, எந்தக் கல்லூரி வேதியியல் ஆய்வகத்திலும் செய்யலாம். கேனிலிருந்து 10 மி.லி. பிப்பெட்டில் எடுத்து 100 மி.லி. அளவுக் குடுவையில் குறி வரை நிரப்புங்கள். அதிலிருந்து 10 மி.லி. எடுத்துக் கூம்புக் குடுவையில் விடுங்கள். இப்போது குடுவையில் இருப்பது கேனின் 1 மி.லி.-க்குச் சமம். முதலில் தாராளமாகப் பொட்டாசியம் அயோடைடு, பிறகுதான் அசிட்டிக் அமிலம். வரிசையை மாற்றி அமிலத்தை முதலில் ஊற்றினால் குளோரின் வாயுவாகப் பறந்து உங்கள் மூக்குக்குப் போகும், கணக்கும் குறைந்துவிடும். குளோரின் அயோடைடிலிருந்து அயோடினை விடுவிக்கும், கரைசல் அதனால் செம்பழுப்பாக மாறும். அந்த அயோடினைத் தீர்க்கும் 0.1 நார்மல் சோடியம் தயோசல்பேட்டைப் பியூரெட்டிலிருந்து விட்டுக்கொண்டே வாருங்கள். பழுப்பு வெளுத்து வைக்கோல் நிறத்துக்கு வரும்போது ஸ்டார்ச் விட்டால் கருநீலம். அப்புறம் துளித்துளியாக. ஒரு துளியில் நீலம் சட்டென்று மறைந்து குடுவை தண்ணீராகத் தெரியும். அங்கே நிறுத்துங்கள்.

0.1 நார்மல் தயோசல்பேட் 1 மி.லி.-க்கு 3.545 மி.கி. குளோரின். கேன் உண்மையிலேயே 5% என்றால் பியூரெட் 14.1 மி.லி. காட்ட வேண்டும். 9.9 காட்டினால் 9.9 × 3.545 = 35.1 மி.கி., அதாவது 3.5%. இந்தக் கேனுக்கு லேபிளை நம்பி நான்கு பங்கு தண்ணீர் சேர்த்தால் கிடைப்பது 0.7%. அட்டவணையின் இரண்டாவது வரியை விட்டுவிட்டு முதல் வரியைப் பயன்படுத்த வேண்டிய கேன் அது. தயோசல்பேட்டும் நிற்க நிற்க மாறும் சரக்கு, அதையும் டைகுரோமேட்டை வைத்துத் தரப்படுத்திய (உண்மையான வலிமையைக் கண்டறிந்த) பிறகே நம்ப வேண்டும்.

சில கேன்களில் சோடியம் ஹைப்போகுளோரைட்டின் சதவீதத்தைப் போடுகிறார்கள், சிலவற்றில் கிடைக்கக்கூடிய குளோரினின் சதவீதம். மூலக்கூறு எடை 74.5-க்கு 71 என்பதால் வித்தியாசம் 5 சதவீத அளவுதான். வாளியில் கலக்கும் வேலைக்கு இது ஒரு பொருட்டே இல்லை. சதவீதம் 100 கிராமுக்கு இத்தனை கிராமா, 100 மி.லி.-க்கு இத்தனை கிராமா என்ற கேள்வி 12% போன்ற அடர்ந்த கேன்களில் கொஞ்சம் தொந்தரவு தரும், 5%-இல் கண்டுகொள்ள வேண்டாம்.

திருத்திய வரிகள்

என்னிடம் அந்த அட்டவணையைக் கொடுத்தால் முதல் மூன்று வரிகளையும் அப்படியே விடுவேன், திரவங்களில் "லேபிள் தேதி பார்" என்று மட்டும் சேர்ப்பேன். கடைகளில் கேனாகக் கிடைக்கும் 10% திரவத்துக்கு 1+9 என்று ஒரு புதிய வரி வேண்டும். அது இல்லாததால் பலர் 5% வரியையே அதற்கும் வைத்து 2% கலக்கினார்கள். பிளீச்சிங் பவுடரை இரண்டாகப் பிரிப்பேன்: 70% கால்சியம் ஹைப்போகுளோரைட் 14 கிராம், மூட்டைத் தூள் 33% என்றால் 30 கிராம், தெளியவிட்டு மேலே உள்ளதை இறுத்துக்கொள்ளவும். குளோரமினை இந்த அட்டவணையிலிருந்தே எடுத்துவிடுவேன். மாத்திரைக்கு எண்ணிக்கையே போட மாட்டேன். ஒரு மாத்திரை எத்தனை கிராம் குளோரின் விடும் என்று உறையில் பார்த்து, பத்தை அதனால் வகுத்து, வருவதை அடுத்த முழு எண்ணாக்கிக்கொள்ளச் சொல்வேன். எல்லா வரிக்கும் அடியில், கலந்த கரைசலை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்று ஒரு வரி.